சங்கு ஊதினால் கதவைச் சாத்துவதில்லை

முதலில் டம்ளர்கள்தான் சொல்லும். சுவரில் அடித்த பலகையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி, குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். அதற்குப் பிறகு தரை. உட்கார்ந்திருந்தால் தொடையில் தெரியும், நின்றிருந்தால் குதிகாலில் தெரியும். கடைசியில்தான் முழக்கம் வரும். இடி மாதிரிதான் இருக்கும், ஆனால் காலுக்குக் கீழே வெகு ஆழத்திலிருந்து வரும்.

இதற்கு எங்கள் பக்கம் "ஏர்பிளாஸ்ட்" என்று பேர். தங்கத்துக்காகத் தோண்டித் தோண்டி, உள்ளே பாறைக்குத் தாங்கல் இல்லாமல் போய், ஒரு நேரம் அது வெடித்து உட்கார்ந்துவிடும். கோலார் தங்கவயலில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. டம்ளர் ஆடினால் அம்மா எழுந்து ஓடுவாள் என்பதைப் பார்த்தே வளர்ந்திருக்கும்.

எங்கே ஓடுவாள்? ஷாஃப்டுக்கு. ஆட்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் வைத்துப் பூமிக்குள் இறக்குகிற கிணறுதான் ஷாஃப்ட். டம்ளர் ஆடிய கொஞ்ச நேரத்தில் எந்த ஷாஃப்டில் விபத்தோ அந்த ஷாஃப்டின் சங்கு ஊதும். எந்தச் சங்கு என்று காது சொல்லிவிடும். நந்திதுர்க் ஷாஃப்டின் சங்கு, தொண்டை கட்டிய ஆள் கத்துகிற மாதிரி கரகரக்கும். அதைக் கேட்டதும் அந்த ஷாஃப்டில் புருஷனோ பிள்ளையோ இருக்கிற பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அப்படிக் கிளம்பும்போது கதவைச் சாத்தமாட்டார்கள். பூட்டவே மாட்டார்கள். "கீழ போனவன் ஏறி வர்ற வழிய நாம அடைக்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஷிப்ட் மேலே வந்து சேருகிறவரை வீடு திறந்தே கிடக்கும். நாய் போகும், கோழி போகும். ஆள் யாரும் போகமாட்டார்கள். போனதாக நான் கேட்டதில்லை.

நான் ஆறாவது படித்த வருஷம் தண்ணீர்த் தகராறு வந்தது. ஆற்றுத் தண்ணீர் யாருக்கு என்று எங்கள் ஊர் இருக்கிற கன்னட ராஜ்யத்துக்கும் பக்கத்துத் தமிழ் ராஜ்யத்துக்கும் வழக்கு. எங்கள் ஊரில் அந்த ஆறு ஓடவில்லை. எங்களுக்குக் குழாயிலேயே தண்ணீர் வராது. ஆனாலும் பெங்களூரில் தமிழ் பேசினவர்களை அடித்தார்கள். மூட்டையும் பிள்ளையுமாகக் கிடைத்த வண்டியில் ஏறி எங்கள் ஊருக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது, தலையில் கட்டுப் போட்ட ஒரு பெரியம்மாவைப் பார்க்கிறவரை.

தங்கவயலில் தமிழ் பேசுகிற நாங்கள்தான் அதிகம். வடஆற்காட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அதனால் இங்கே பயப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்களாக இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் எங்கள் லைனில், சுரங்கக்காரர்களின் வரிசை வீடுகளில், அப்படி ஒரு வீடுதான் இருந்தது. எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரே தட்டி. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "இன்னா, கஷாயம் வெக்கவா?" என்று கேட்கும். கேட்பது ஜயம்மா அக்கா. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். கல்யாணமாகி வந்து இரண்டு தீபாவளி ஆகியிருந்தது. புருஷன் ரங்கப்பா, என் அப்பாவோடு நந்திதுர்க் ஷாஃப்டில் ஒரே கேங்கில் வேலை. உள்ளே பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை.

இருவரும் விடியும் முன்பே சைக்கிளில் கிளம்புவார்கள். ஷாஃப்ட் ஸ்டாண்டில் இரண்டு சைக்கிளையும் சேர்த்து ஒரே சங்கிலியால் பூட்டுவார்கள். பூட்டும் ஒன்றுதான், சாவியும் ஒன்றுதான். ஒருநாள் அப்பா இடுப்பில், ஒருநாள் அவர் இடுப்பில். "இன்னா, ரெண்டு பேருக்கும் ஒரு பூட்டு வாங்கத்தான் வக்கா?" என்று அம்மா கேலி செய்வாள். "ஒருத்தன் தனியா வீட்டுக்கு ஓடிடக் கூடாதில்ல" என்பார் ரங்கப்பா.

தகராறு வந்த பிறகும் ரங்கப்பா வேலைக்குப் போனார். "கேஜுல ஏறிட்டா எல்லாரும் ஒரே ஆளுங்கதான். மேலதான் வெவ்வேற" என்று அப்பா சொன்னார். வேலைக்காரனை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பினார்கள். பயம் ஜயம்மா அக்காவைப் பற்றித்தான். பகலெல்லாம் தனியாக இருந்தாள். லைன் முனையில் சின்னப் பாலத்தின் மேல் பையன்கள் கட்டையும் சைக்கிள் செயினுமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் எங்கள் பையன்கள்தான். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் தின்றவர்கள். ஆனாலும் அந்த வாரம் அவர்கள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜயம்மா தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று குழாயடியில் சொல்லிவைத்தாள். ஆண்கள் ஷிப்டுக்குப் போனதும் ஜயம்மா அக்காவை உள்ளே வைத்து வெளியே பெரிய பூட்டாகப் போட்டுவிடுவாள். சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொள்வாள். புகை தெரியக்கூடாது என்று எங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கொடுத்திருந்தாள். பகலில் தட்டிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத மாதிரியே இருக்கும். எப்போதாவது கரண்டி படுகிற சத்தம் வரும். உடனே அம்மா எங்கள் வீட்டில் ஒரு பாத்திரத்தை உருட்டுவாள்.

காலியான வீடு என்று நினைத்து யாராவது கொளுத்தியிருந்தால்? தட்டி வீடு. உள்ளே ஆள். வெளியே பூட்டு. பல வருஷம் கழித்து நான் இதைக் கேட்டபோது அம்மா, "அது எனக்குத் தோணவே இல்லடி" என்றாள்.

அன்றைக்குக் காலை நான் பல்லாங்குழிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். டம்ளர் பேசியது. தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றது. லைன் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் சங்குக்காகக் காத்திருந்தோம்.

கரகரத்த சங்கு ஊதியது.

தட்டியின் அந்தப் பக்கம் ஜயம்மா அக்கா எழுந்து ஓடி வந்து கதவில் மோதினாள். "அக்கா! அக்கா! பூட்ட எடு! பூட்டு தொங்குது அக்கா!"

அவள் பயந்தது அடைந்து கிடப்பதற்கு இல்லை. புருஷன் கீழே இருக்க, சங்கு ஊதிய நேரத்தில், கதவில் பூட்டு தொங்குகிறது. அதற்குத்தான் கத்தினாள். அம்மாவுக்கும் அதுதான் முகத்தில். ஈரக்கையில் முடிச்சு அவிழவில்லை. கடைசியில் கழுத்தில் கிடந்த கயிற்றோடு குனிந்து, பூட்டின்மேல் நெற்றி இடிக்க, சாவியைத் திருப்பினாள். கதவு திறந்தது. ஜயம்மா அக்கா உடுத்தின சேலையோடு வந்தாள். கதவு திறந்தபடி நின்றது. எங்கள் கதவும் நின்றது. நான் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். என்னை விட்டுவிட்டுப் போக அவளுக்கு இடமில்லை.

"வாயத் தொறக்காத" என்று அம்மா அவளிடம் சொன்னாள். "யாரு கேட்டாலும் நான் பேசறன். நீ கம்முனு வா."

பாலத்தின் மேல் சேகர் அண்ணன் எழுந்து நின்றான். அந்தப் பையன்களுக்கு அவன்தான் தலை. அவன் அண்ணன் வேலை செய்தது மைசூர் ஷாஃப்டில். நந்திதுர்க் சங்கு அவன் வீட்டுச் சங்கு இல்லை. அதனால் அவனுக்குக் கேள்வி கேட்க நேரம் இருந்தது.

"இன்னாக்கா, ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னியே?"

"வந்துட்டா."

"எதுல வந்தாங்க? பஸ்ஸு இல்ல, ரயிலு இல்ல. பறந்தா?"

பின்னால் இருந்தவன் சிரித்தான். அம்மா சிரித்தவனைப் பார்க்கவில்லை. சேகர் அண்ணனைத்தான் பார்த்தாள்.

"சங்கு ஊதுது சேகரு. காதுல உழலியா? வழிய வுடு."

சங்கு இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சண்டைக்காரனாக இருந்தாலும் சங்குக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். சேகர் அண்ணன் ஜயம்மா அக்காவைப் பார்த்தான். கையிலிருந்த செயினைப் பார்த்தான். ஒதுங்கினான். நாங்கள் கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். அவன் பின்னால் வந்துகொண்டிருந்தான். செயின் கையில்தான் இருந்தது.

"அம்மா, அவன் வரான்."

"வரட்டும். ரோடு அவங்கப்பன் ஊட்டுதும் இல்ல, எங்கப்பன் ஊட்டுதும் இல்ல."

காவலுக்கு வருகிறானா, கண்காணிக்க வருகிறானா என்று தெரியாமலே நடந்தோம்.

மாரிக்குப்பத்திலிருந்து நந்திதுர்க் என்றால் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. மற்ற நாளில் பஸ் உண்டு. அன்று தெருவில் நாங்கள்தான். சாம்பியன் லைன்களைத் தாண்டும்போது ஒவ்வொரு சந்திலிருந்தும் பெண்கள் வந்து சேர்ந்தார்கள், ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு, ஒருத்தி கையில் அரிவாள்மணைக் கறையோடு, ஒருத்தி தலையில் பாதி எண்ணெயோடு, யாரும் யாரையும் விசாரிக்காமல், ஆனால் ஒருத்தி வேகம் குறைந்தால் பின்னால் வருகிறவள் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு, அப்படியே ஒரு கூட்டமாகப் போனோம். செருப்பில்லாத காலடிகள் தார் ரோட்டில் பட்பட்டென்று விழுந்தன. நாங்கள் விட்டு வந்த வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன. மற்ற வீடுகள் தகராறுக்குப் பயந்து இறுக்கிச் சாத்தியிருந்தன. ஒரே லைனில் இரண்டு பயங்களும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன.

ஜயம்மா அக்கா வாயைத் திறக்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நடந்தாள். கையில் பச்சைக் கண்ணாடி வளையல் கை நிறைய இருந்தது. அது சத்தம் போட்டது. அம்மா அவள் கையைப் பிடித்து வளையலோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள்.

சயனைட் மேட்டைத் தாண்டினோம். பொன் எடுத்த பிறகு கொட்டிய மண், மலை மாதிரி. காற்றடித்தால் மாவு மாதிரி பறக்கும். அன்று அதிர்ச்சியில் ஒரு பக்கம் சரிந்து, ரோடு வரைக்கும் வந்திருந்தது. அதன் மேல் ஏறித்தான் போனோம். எல்லார் காலும் வெளுத்தது. ஜயம்மா அக்கா கால், எங்கள் கால் என்று அதற்கப்புறம் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ராபர்ட்சன்பேட்டை வந்தது. நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பெயர்ப்பலகைகளில் எழுத்து தெரியாமல் தார் பூசியிருந்தார்கள். சிலதில் கன்னட எழுத்து போயிருந்தது, சிலதில் தமிழ் எழுத்து போயிருந்தது. ரோட்டில் எரிந்த டயரின் கம்பிச் சுருள்கள் கிடந்தன. ஒற்றைச் செருப்புகள் கிடந்தன. அத்தனை ஒற்றைச் செருப்பு எப்படி வரும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஓடினவர்கள் திரும்பிவந்து எடுக்கவில்லை என்று பிறகு புரிந்தது.

ஒரு ஷட்டர் முழங்கால் அளவு தூக்கியிருந்தது. உள்ளே இருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "எந்த ஷாஃப்டு?"

"நந்திதுர்க்கு."

"எத்தினி பேரு?"

"தெரியல."

குரல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஷட்டருக்கு அடியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் தரையோடு தரையாக வெளியே வந்தது. எனக்கு அம்மா கொடுத்தாள். ஜயம்மா அக்காவுக்குக் கொடுத்தாள். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அம்மாவும் குடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது அங்கே தங்கியிருந்த பெங்களூர் ஆட்கள் வெளியே ஓடி வந்து மதிலோரம் நின்றிருந்தார்கள். தலைக்கட்டுப் பெரியம்மாவும் நின்றாள். அவர்களுக்கு ஏர்பிளாஸ்ட் தெரியாது. தரை ஆடினதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டார்கள். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்தாள். "இங்கயும் வந்துட்டாங்களா தாயி?"

"இல்லம்மா. இது மண்ணுக்குள்ள. உள்ள போயி குந்துங்க."

பெரியம்மா நம்பவில்லை. ஜயம்மா அக்காவிடம் திரும்பி, "நெசமா?" என்றாள். ஜயம்மா அக்கா வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அடித்தவர்களின் மொழி அவளுக்குத் தாய்மொழி. பெரியம்மாவுக்கு அது தெரியாது. ஜயம்மா அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தைத் தாண்டின பிறகுதான் அவள் கண்ணில் தண்ணீர் பார்த்தேன்.

உரிகாம் தாண்டி, ஷாஃப்டின் இரும்புச் சக்கரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ரோட்டை மறித்துப் போலீஸ் நின்றது. எங்கள் ஊர்ப் போலீஸ் இல்லை. தகராறுக்காகத் தூரத்து ஜில்லாவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய ஆட்கள். எங்கள் ஊர்ப் போலீஸாக இருந்திருந்தால் அவர்களே எங்களுக்கு முன்னால் ஓடியிருப்பார்கள். இவர்களுக்கு டம்ளர் ஆடுவது தெரியாது, சங்கு தெரியாது. தரை அதிர்ந்தது, எங்கோ வெடித்தது, ஊரெல்லாம் ஒரு பக்கமாக ஓடி வருகிறது. பாம் வெடித்துக் கலவரம் கிளம்பிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். நினைத்ததில் தப்பில்லை. அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

முன்வரிசை தடியைத் தூக்கியது. பின்னால் துப்பாக்கிக்காரர்கள் ஒரு முட்டியை ஊன்றினார்கள். அதிகாரி கன்னடத்தில் கத்தினார். நில்லுங்கள், கலைந்து போங்கள், இல்லாவிட்டால் சுடச் சொல்வேன். எங்கள் பெண்கள் தமிழில் கத்தினார்கள். மற்ற நாளில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் இரண்டும் தெரியும், கூடத் தெலுங்கும் தெரியும். அன்று யார் வாயிலும் மற்ற மொழி வரவில்லை. பயத்தில் வரவில்லையா, வீம்பில் வரவில்லையா, தெரியாது. பின்னால் வருகிறவர்கள் முன்னால் நிற்கிறது தெரியாமல் தள்ளினார்கள். நானும் அம்மாவும் தடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

அம்மா பிடியிலிருந்து ஜயம்மா அக்காவின் கை உருவிக்கொண்டு போனது. இரண்டு வளையல் உடைந்தது. வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள்.

"நம்ம யஜமான்ரு கெளகித்தாரே சார்!"

எங்கள் வீட்டுக்காரர் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. பாம் இல்லை, பூமி. இது ஷாஃப்ட் சங்கு. இவர்கள் வீட்டு ஆட்களும் கீழேதான் இருக்கிறார்கள். அடிக்க வரவில்லை. பார்க்க வந்திருக்கிறோம். அவ்வளவையும் கன்னடத்தில், ஊர் மொத்தமும் கேட்க, சொன்னாள்.

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். நீ இவர்களோடு எதற்கு வந்தாய் என்று கேட்டார்.

பக்கத்து வீடு என்றாள் அவள்.

அவர் யோசித்தார். கொஞ்ச நேரந்தான் இருக்கும். எனக்குத் துப்பாக்கிக்காரர் ஒருவரின் முகம் தெரிந்தது. மீசை கூட சரியாக வராத முகம். பிறகு அதிகாரி கையைக் கீழே இறக்கினார். பெண்கள் போகலாம், ஆண்கள் ஒருவரும் போகக்கூடாது.

தடிகள் நடுவில் சந்து விட்டன. பின்னால் திரும்பிப் பார்த்தேன். சேகர் அண்ணன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். அவள் கன்னடத்தில் பேசியதைக் கேட்டுவிட்டான். எல்லாரும் கேட்டுவிட்டார்கள். திரும்பி மாரிக்குப்பம் பக்கம் நடந்தான்.

எங்களுக்குப் பக்கத்தில் நடந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் அம்மாவைக் கேட்டாள். "உங்கூட வந்த பொண்ணா?"

"ஆமா. பக்கத்து ஊடு."

"நல்லா பேசுது" என்றாள் அந்த அம்மாள். பிறகு நடையை எட்டிப் போட்டாள்.

ஷாஃப்டுக்கு வந்ததும் பெண்கள் யாரும் ஆபீசுக்குப் போகமாட்டார்கள். ஆபீசில் சொல்லமாட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குத்தான் போவார்கள். சைக்கிள் இல்லை என்றால் ஆள் ஏறிவந்து வீட்டுக்குப் போய்விட்டான். சைக்கிள் இருந்தால் ஆள் கீழே.

எங்கள் இரண்டு சைக்கிளும் ஒரே சங்கிலியில் சாய்ந்து நின்றன. அம்மா எங்கள் சைக்கிள் சீட்டின் மேல் கைவைத்தாள். ஜயம்மா அக்கா அவர்கள் சைக்கிள் சீட்டின் மேல் கைவைத்தாள். அங்கேயே உட்கார்ந்தோம்.

கேஜ் ஏறி ஏறி வந்தது. ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கும், பெண்கள் எழுந்து நிற்பார்கள், வந்தவன் யாரோ ஒருத்தியுடைய ஆளாக இருப்பான், மற்றவர்கள் உட்காருவார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் அப்பா வந்தார். முகம் முழுக்கச் சாம்பல் நிறம். நடந்துதான் வந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. முதலில் ஜயம்மா அக்காவைப் பார்த்தார்.

அதிலேயே தெரிந்துவிட்டது.

"ரங்கா எம் பின்னாலதாம்மா வந்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கடைசிவரைக்கும் அவ்வளவுதான் சொன்னார்.

சைக்கிள் சாவி அன்றைக்கு ரங்கப்பா இடுப்பில் இருந்தது. ஸ்டாண்டுக்காரர் சுத்தியல் கொண்டுவந்து, "ஒடச்சிடவாண்ணா?" என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். "சாவி வரும். வரட்டும்."

ஜயம்மா அக்கா ஸ்டாண்டை விட்டு அசையவில்லை. அம்மா கூடவே இருந்தாள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். போலீஸ் எங்களை நிறுத்தவில்லை. அதே ரோடு. திறந்த கதவுகளில் பாதி இன்னும் திறந்தே இருந்தன. எந்த வீட்டுக்கு ஆள் வரவில்லை என்று தெருவில் நடந்தாலே தெரிந்தது.

எங்கள் லைனுக்கு வந்தோம். ஜயம்மா அக்கா வீடு திறந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு ஸ்டவ் ஞாபகம் வந்தது. காலையில் அவள் சோறு வைத்திருந்தாள். அணைக்க நேரம் இல்லை. ஓடினேன்.

ஸ்டவ் அணைந்திருந்தது. திரி இறக்கியிருந்தது. சோற்றுப் பானையை இறக்கிக் கஞ்சி வடித்து, மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தார்கள். வேறு ஒன்றும் தொடவில்லை. காலையில் பூட்டு கதவோரத்தில் விழுந்து கிடந்தது. அதை யாரோ எடுத்துக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள், பூட்டாமல்.

யார் செய்தது என்று தெரியாது. தட்டி வீடு பற்றிக்கொண்டால் லைனே போய்விடும் என்று இறக்கினார்களோ, வேறு எதற்காகவோ. அதற்குக் கஞ்சி வடிக்க வேண்டியதில்லை. பல வருஷம் கழித்து நான் சேகர் அண்ணனைக் கேட்டேன். அப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். ஆட்டோவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "எந்தப் பானை?" என்றான். திரும்பவும் துடைத்தான்.

ரங்கப்பாவைக் கொண்டுவரச் சில நாள் ஆனது. சாவி இடுப்பில்தான் இருந்தது. அப்பா சங்கிலியைத் திறந்தார். ஒரு சைக்கிளை அவர் தள்ளினார். இன்னொன்றை ஜயம்மா அக்கா தள்ளினாள். கொடுக்கமாட்டேன் என்றுவிட்டாள். ராபர்ட்சன்பேட்டையில் இரண்டு மூன்று கடை திறந்திருந்தது. இரண்டு சைக்கிளும் தாண்டிப் போகிறவரை ஷட்டரை இறக்கினார்கள். இந்தத் தடவை பயத்துக்கு இறக்கவில்லை.

அவள் தாய்வீட்டிலிருந்து கூப்பிட வந்தார்கள். போகவில்லை. புருஷன் செத்ததற்குக் கொடுக்கிற வேலை கிடைத்தது, ஆஸ்பத்திரியில் பெருக்குகிற வேலை. தட்டியின் அந்தப் பக்கமே இருந்தாள். தகராறு ஓய்ந்தது. கோடை வந்தால் திரும்பவும் கிளம்பும், ஓயும். பாலத்தில் மறுபடி சீட்டு ஆடினார்கள். அவள் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனாள். சேகர் அண்ணன் அவளைப் பார்த்தால் எழுந்து நிற்பான். வேறு பேச்சு இருந்ததாக எனக்குத் தெரியாது.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். பிறகு சுரங்கத்தை மூடினார்கள். அப்பா போனார், அம்மா போனாள். இப்போது நான் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய் ஓர் ஆபீசில் துடைக்கிற வேலை செய்கிறேன். நாற்பது பேர் உட்காருகிற மாடி. அங்கே கதவே தானாகத் திறந்து தானாக மூடுகிறது. ஒரு கோடையில் திரும்பத் தண்ணீர் பிரச்சினை வந்தபோது, நாளைக்கு வராதே, பத்திரம் என்று போனில் சொன்னார்கள். என் பெண் போனைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, அவ்ளோ சீரியஸா?" என்றாள். அவளுக்கு அது செய்தி.

ஷாஃப்டுகளுக்கு மேலே மூடி போட்டிருக்கிறது. சக்கரம் நிற்கிறது, சுற்றுவதில்லை. உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் குழாயில் வராத தண்ணீரெல்லாம் காலுக்குக் கீழேதான் இருக்கிறது போல. அது நிறைந்து பாறை நகருவதால் இன்னும் எப்போதாவது டம்ளர் ஆடுகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடியது. குதிகாலில் தெரிந்தது. பிறகு முழக்கம். என் பெண், "எர்த்குவேக்கா?" என்று போனை எடுத்தாள். நான் எழுந்தேன். கை தன்னால் போய்க் கதவைத் திறந்தது. சங்குக்காகக் காது நின்றது. சங்கு ஊதவில்லை. ஊத ஆள் இல்லை. ஓட ஷாஃப்டும் இல்லை. கீழே போன ஆளும் இல்லை.

"யாருக்கும்மா தொறந்த?" என்றாள் என் பெண்.

நான் வெளியே வந்தேன். லைன் முழுக்கப் பூட்டு. எல்லாரும் பெங்களூரில் வேலைக்கு, பெங்களூரில் பிள்ளையோடு, பெங்களூரில் வாடகைக்கு. சேகர் அண்ணன் வீட்டிலும் பூட்டுதான்.

பக்கத்தில் மட்டும் சத்தம் கேட்டது. தட்டிக்குப் பதில் இப்போது சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஜயம்மா அக்கா தாழ்ப்பாளோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். வயதான கை. கொஞ்ச நேரம் ஆனது. நான் உதவிக்குப் போகவில்லை. அது அவளே திறக்க வேண்டிய கதவு.

திறந்தாள். என்னைப் பார்த்தாள். கோலை ஊன்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் என் வாசற்படியில் உட்கார்ந்தேன். பொழுது சாய்கிறவரை இரண்டு கதவும் திறந்தே இருந்தன.